என் கிட்டாருக்கு நானே செட்டப்: சில வருட அனுபவம்

என்னிடம் இருப்பவை ஒரு ஸ்டீல் ஸ்ட்ரிங் அக்கூஸ்டிக், ஒரு ஸ்ட்ராட் வகை எலெக்ட்ரிக். சில வருடங்களாக இரண்டுக்கும் செட்டப், அதாவது வாசிக்க இலகுவாகவும் சுருதி சரியாகவும் இருக்கும்படி பாகங்களைச் சரிசெய்யும் வேலையை, நானேதான் செய்துகொள்கிறேன். எந்தக் கருவி உழைத்தது, எது வேண்டாம், வாசிப்பில் என்ன தெரிந்தது என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

செட்டப்பின் உயிர் வரிசையில் இருக்கிறது. முதலில் நெக் (விரல் வைக்கும் நீண்ட கழுத்து), அடுத்து நட் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பள்ளக் கட்டை), பிறகு சேடில் (உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் பகுதி), கடைசியில் இன்டொனேஷன் (கழுத்து நெடுக ஸ்வரங்கள் சுருதியாக வருவது). வாசிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்றதும் பலர் நேரே சேடிலைத் தேய்க்கப் போகிறார்கள். நெக் வளைந்ததால் வந்த உயரத்தைச் சேடிலில் குறைத்துவிட்டுப் பிறகு நெக்கை நிமிர்த்தினால், தந்தி ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மோதி இரையத் தொடங்கும். தேய்த்த சேடில் மறுபடி வளராது.

நெக்கை அளக்கத் தனியாக ஒரு நேர்கோல் வாங்க வேண்டியதில்லை. இழுத்துக் கட்டிய தந்தியே நேர்கோடுதான். சுருதி சேர்த்துவிட்டு, முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, நெக் உடலோடு சேரும் ஃபிரெட்டில் தடிமனான ஆறாம் தந்தியை அழுத்திப் பிடிப்பேன். ஏழாவது, எட்டாவது ஃபிரெட் பக்கம் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார்ப்பேன். வண்டி மெக்கானிக்குகள் வால்வு இடைவெளி பார்க்க வைத்திருக்கும் அதே தகடுதான். தகடு போகும்போது தந்தி துளியும் மேலெழக் கூடாது. 0.2 முதல் 0.25 மி.மீ. வரை இருந்தால் எனக்குத் திருப்தி. மீட்டிய தந்தி நடுப்பகுதியில் அகலமாக ஆடும். அதற்கு இடம் விடத்தான் இந்த மெல்லிய குழிவு.

நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் இருக்கும் கம்பிதான் டிரஸ் ராட். அது என்றாலே பயப்படுகிறவர்கள் உண்டு. கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் இருந்த தாடியஸ் மெக்ஹியூ 1920களின் தொடக்கத்தில் அதை உருவாக்கியதே, தேவைப்படும்போது திருப்பிக்கொள்வதற்காகத்தான். கம்பியின் முனையை நேருக்கு நேர் பார்த்து வலப்பக்கம் திருப்பினால் நெக் நிமிரும், இடப்பக்கம் திருப்பினால் குழியும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப மாட்டேன். திருப்பிவிட்டு மறுபடி சுருதி சேர்த்து, அளந்து, சில மணி நேரம் விட்டுவிடுவேன். மரம் நிதானமாகத்தான் நகரும். ஆலன் கீ திருகில் கச்சிதமாக உட்கார வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. முனை வழுக்கி மழுங்கிவிட்டால் பிறகு பெரிய வேலை.

அடுத்தது நட். புதிதாகக் கற்பவர்கள் எஃப் பாரே கார்டு (ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் முதல் ஃபிரெட்டில் அழுத்திப் பிடிப்பது) வரவில்லை என்று விரலைக் குறை சொல்வார்கள். அதே வடிவத்தை ஐந்தாவது ஃபிரெட்டில் பிடித்துப் பாருங்கள். அங்கே சுலபமாக வந்தால், நட் பள்ளம் உயரமாக இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மூன்றாவது ஃபிரெட்டில் தந்தியை அழுத்தினால், முதல் ஃபிரெட்டின் மேல் ஒரு சாதாரணத் தாள் போகும் அளவு, அதாவது 0.1 மி.மீ. போல, இடைவெளி இருந்தால் போதும். பல புது கிட்டார்களில் இதைவிடத் தாராளமாகவே இருக்கிறது. அழுத்தும் தூரம் கூடுவதால் முதல் சில ஃபிரெட்களில் சுருதியும் ஏறிவிடும். இந்த வேலையை மட்டும் நான் லூதியரிடம், அதாவது கிட்டார் செய்து பழுது பார்ப்பவரிடம், கொடுத்தேன். தந்தியின் தடிமனுக்கு ஏற்றபடி தனித்தனி அரம் வேண்டும். இரண்டு இழுப்பு கூடினால் திறந்த தந்தி இரையும், நட்டையே மாற்ற வேண்டும். என் அக்கூஸ்டிக்கில் வாசிப்பு இலகுவானதில் பெரும்பங்கு இதற்குத்தான்.

சுருதி சேர்க்கும்போது 'டிக்' என்று சத்தம் வந்து சுருதி எகிறினால், தந்தி நட்டில் சிக்குகிறது என்று பொருள். தந்தி மாற்றும் ஒவ்வொரு தடவையும் பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்துவிடுகிறேன். அந்தக் கிராஃபைட்டே போதும்.

சேடில் உயரத்தைப் பன்னிரண்டாவது ஃபிரெட்டில், அரை மி.மீ. கோடு போட்ட இரும்பு ஸ்கேலில் பார்க்கிறேன். அக்கூஸ்டிக்கில் ஆறாம் தந்திக்கு 2.4, முதல் தந்திக்கு 1.8 மி.மீ. என் கைக்குப் பொருந்துகிறது. பன்னிரண்டாவது ஃபிரெட் தந்தியின் சரிபாதி. அதனால் அங்கே 0.5 மி.மீ. குறைய வேண்டுமென்றால் சேடிலின் அடியில் 1 மி.மீ. எடுக்க வேண்டும். பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் ஒரே சீராகத் தேய்ப்பேன். கோட்டுக்குச் சற்று முன்னாலேயே நிறுத்தி, மாட்டி, வாசித்துப் பார்ப்பேன். அடிப்பக்கம் தட்டையாக இல்லாவிட்டால் ஒலி மந்தமாகிவிடும். பிக்கப் அடியில் இருக்கும் கிட்டார்களில் தந்திக்குத் தந்தி சத்தமும் வித்தியாசப்படும்.

இன்டொனேஷன் எலெக்ட்ரிக்கில் சுகமான வேலை. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய ஸ்வரத்தையும் ஒப்பிட வேண்டும். அழுத்தியது கூடினால் சேடிலைப் பின்னுக்கு நகர்த்தணும், குறைந்தால் முன்னுக்கு. பழைய தந்தியில் செய்வது வீண். தேய்ந்த தந்தி பொய் சொல்லும். எல்லாம் சரியாக வைத்த பிறகும் மேஜர் கார்டில் மூன்றாவது ஸ்வரம் கொஞ்சம் தூக்கலாகத் தோன்றலாம். பன்னிரண்டு சம இடைவெளிச் சுருதியில் அது இயற்கையான 5/4 விகிதத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் அதிகம் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு). அது ஃபிரெட் அமைப்பிலேயே இருப்பது. திருகில் தீராது.

ஈரப்பதமானி ஒன்று கிட்டார் பெட்டிக்குள் எப்போதும் கிடக்கிறது. அக்கூஸ்டிக்குக்கு 45 முதல் 55 சதவீதம் நல்லது. ஈரம் ஏறினால் மேல்பலகை உப்பி, தந்தியின் உயரம், அதாவது ஆக்‌ஷன் உயரும். வறண்டால் ஃபிரெட் முனைகள் ஓரத்தில் கையைக் கீறும். ஆக்‌ஷன் மாறியதாகத் தோன்றினால் திருகைத் தேடும் முன் இந்த எண்ணைத்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு செட்டப்பின் அளவுகளையும் தந்தியின் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். இத்தனை வருடத்தில் எனக்கு அதிகம் உதவியது அந்த நோட்டுதான்.

ஃபிரெட் சமன்படுத்துவது, பிரிட்ஜ் கிளம்பிவருவது, நெக் ரீசெட் (கழுத்தைக் கழற்றிக் கோணம் மாற்றிப் பொருத்துவது) இவற்றில் நான் கை வைப்பதில்லை. அண்மையில் அக்கூஸ்டிக்கை 12-53 தந்தி செட்டிலிருந்து மெலிதான 11-52க்கு மாற்றினேன் (மெல்லிய, தடித்த தந்திகளின் விட்டம், அங்குலத்தின் ஆயிரத்தில்). இழுவிசை குறைந்ததும் நெக் பின்பக்கமாக வளைந்து, மூன்றாவது ஃபிரெட் பக்கம் மெல்லிய இரைச்சல் வந்தது. கால் சுற்று இடப்பக்கம் தளர்த்தினேன். மறுநாள் தகடு 0.2 காட்டியது. இரைச்சல் போய்விட்டது, சேடிலைத் தொடவில்லை.