டீசல் பம்பைக் கழற்ற விடுவதற்கு முன் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள்

மலைப் பக்கம் பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னுடைய 31,000 ரூபாய் போனது போனதுதான்.

வண்டி 98 மாடல், ப்ரீ சேம்பர் எஞ்சின், அதாவது எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில் உள்ள சின்ன அறையில் டீசல் முதலில் பற்றும் வகை. குளிரில் அந்த அறையைச் சூடாக்குவதுதான் ஹீட்டர் பிளக், சிலிண்டருக்கு ஒன்று. கோத்தகிரியிலிருந்து கேரட் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும். மார்கழி பிறந்ததும் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடித்தது. செல்ஃப் அடிக்க அடிக்க வெள்ளைப் புகைதான் வரும். இறக்கத்தில் உருட்டிவிட்டால் பிடித்துக்கொள்ளும். ஒருதரம் சூடேறிவிட்டால் அன்று முழுக்கத் தொந்தரவே இல்லை.

பட்டறையில், "பம்ப் வீக் அண்ணே, நாசிலும் ஒழுகுது" என்றார்கள். நாசில் என்பது டீசலைத் தூவும் முனை. சூடானால் நன்றாக எடுக்கிறதே என்றேன். "இப்படியே ஓட்டினா எஞ்சினை இறக்கணும்" என்றதும் பயந்துவிட்டேன். பம்ப் சர்வீஸ், நாசில், கூடவே புது ஹீட்டர் பிளக் நான்கு என்று பில்.

மறுநாள் காலை அதே வெள்ளைப் புகை. போன் செய்தால், பட்டறைக்காரர் ஸ்டார்டிங் ஸ்ப்ரே வாங்கி ஏர் ஃபில்டரில் அடிக்கச் சொன்னார். பணம் போனதைவிட இதற்குத்தான் எனக்குக் கோபம். ஹீட்டர் பிளக் சிவக்கப் பழுத்திருக்கும் நேரத்தில் அந்த ஸ்ப்ரேயில் உள்ள, சட்டென்று பற்றும் ஈதர் உள்ளே போனால் பிஸ்டன் மேலே வருமுன்பே வெடிக்கும். ரிங் உடையும், பிஸ்டனே உடைந்தாலும் உடையும்.

கடைசியில் பேட்டரிக் கடைப் பெரியவர்தான் பார்த்தார். "வெள்ளைப் புகை வருதுன்னா டீசல் வருது, எரியலைன்னு அர்த்தம். பம்பை எதுக்குப் பிரிச்சாங்க?" என்றார். இந்த மாதிரி எஞ்சினில், டீசலைப் பற்றவைக்க வேண்டிய அமுங்கிய காற்றின் சூட்டைக் குளிர்ந்த ஹெட்டே குடித்துவிடும். அதை ஈடுகட்டத்தான் ஹீட்டர் பிளக்.

நான்கு பிளக்கையும் இணைக்கும் பட்டையைக் கழற்றினார். ஒரு 12 வோல்ட் பல்பின் ஒரு ஒயரைப் பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, மற்றதை ஒவ்வொரு பிளக் தலையிலும் தொட்டார். பல்பு எரிந்தால் உள்ளே காயில் அறுபடவில்லை. இரண்டில் எரிந்தது. மூன்றாவதில் இல்லை, அது கரி பிடித்த பழைய பிளக், மேலே மட்டும் பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தார்கள். நான்காவதில் தலையே இல்லை. கழற்றும்போது முறித்துவிட்டு, வெளியே தெரியாமல் பட்டைக்கு அடியில் டேப் சுற்றி வைத்திருந்தார்கள்.

டேஷ்போர்டில் ஹீட்டர் பிளக்குக்கான சுருள் விளக்கு எரிந்து அணைகிறதே என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். என் வண்டியில் அது வெறும் டைமர் கணக்கு. பிளக் செத்திருந்தாலும் எரியும். மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. நல்ல பிளக் ஒரு ஓம் பக்கம் காட்டும், அறுந்ததில் முள் அசையாது. பட்டைக்குக் கரண்டே வரவில்லை என்றால் பிளக்குகளுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயைப் பாருங்கள்.

பில்லோடு போய்க் கேட்டேன். பழைய பிளக்குகள் எங்கே என்றதற்கு, "குப்பையில போயிடுச்சு அண்ணே." இரண்டு பிளக்கின் விலையை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவதை நானே வாங்கிப் போட்டுவிட்டேன். இப்போது மூன்று பிளக்கில் ஓடுகிறது, இரண்டாவது செல்ஃபில் எடுக்கிறது. முறிந்த துண்டு இன்னும் ஹெட்டுக்குள்தான் இருக்கிறது. சீசன் முடிந்ததும் ஹெட்டை இறக்க வேண்டும், அதற்கு வேறு பட்டறை.