ஜிபிஎல் 2க்குள் எது நுழையும்: எம்ஐடியா, அப்பாச்சியா, எம்பிஎல்லா?

ஒரே வேலைக்கு மூன்று லைப்ரரிகள் (பிறர் எழுதிவைத்த, நம் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்புகள்) கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று எம்ஐடி உரிமம், ஒன்று அப்பாச்சி 2.0, இன்னொன்று எம்பிஎல் 2.0 (மொசில்லாவின் உரிமம்). நம் மென்பொருளோ, சேர்த்த நிரலையும் உள்ளடக்கிய முழுத் தொகுப்பும் தன் கீழேயே வெளியாக வேண்டும் என்று கேட்கும் ஜிபிஎல் 2 உரிமத்தில் வெளியாகிறது. எதை உள்ளே சேர்க்கலாம்?

எம்ஐடியில் பேச அதிகமில்லை. பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் அழிக்காமல் வைத்தால் போதும். (ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைச் சுருக்கும்போது அதுவும் சேர்ந்து காணாமல் போவதுதான் வேடிக்கை.)

தலைவலி அப்பாச்சியில். மூடிய மென்பொருளுக்குள்கூடத் தாராளமாகப் போகிற உரிமம் இது. ஆனால் அந்த நிரலின் மேல் பேட்டன்ட் (கண்டுபிடிப்புக் காப்புரிமை) வழக்குப் போட்டால், அந்த உரிமம் தந்த பேட்டன்ட் உரிமை பறிபோகும் என்கிறது. 1991இல் வந்த ஜிபிஎல் 2, தன்னிடம் இல்லாத நிபந்தனையைச் சேர்க்க விடாது. அதனால் இரண்டும் ஒட்டாது என்பதே ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலை. 2007இல் வந்த ஜிபிஎல் 3 இதை ஏற்கிறது, அதுவும் ஒருவழியாக: அப்பாச்சி நிரல் ஜிபிஎல் 3க்குள் போகலாம், ஜிபிஎல் நிரலைச் சேர்த்துக்கொண்டு முழுத் தொகுப்பையும் அப்பாச்சி என்று தர முடியாது.

ஆகவே முதலில் நம் கோப்புகளின் தலைப்பைப் பாருங்கள். 'பதிப்பு 2 அல்லது பிந்தையது' என்றிருந்தால், தொகுப்பை ஜிபிஎல் 3இன் கீழ் வெளியிட்டுத் தப்பிக்கலாம். லினக்ஸ் கெர்னலைப் போல '2 மட்டும்' என்றால், பதிப்புரிமை வைத்திருக்கும் அத்தனை பேரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல்லிலும் இதே உரிமச் சிக்கல்தான். அதன் பழைய உரிமத்தில் இருந்த விளம்பர நிபந்தனை (விளம்பரங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது) ஜிபிஎல்லுக்கு ஆகவில்லை. 2021இல் 3.0 பதிப்பு அப்பாச்சிக்கு மாறியதும் ஜிபிஎல் 3காரர்களுக்கு நிம்மதி. '2 மட்டும்' ஆட்களுக்கு ஒரு பூட்டுப் போய் இன்னொரு பூட்டு. கம்பைலர் கருவித் திட்டமான எல்எல்விஎம் உஷாராக, அப்பாச்சிக்கு மாறும்போதே ஜிபிஎல் 2க்கென ஒரு விலக்கையும் எழுதிக்கொண்டது.

எம்பிஎல் பார்வைக்குக் கண்டிப்பானது. அதன் கோப்பைத் திருத்தி வெளியிட்டால் அந்தக் கோப்பின் மூலநிரலைத் தந்தாக வேண்டும். ஆனால் 2012இல் வந்த 2.0, ஜிபிஎல் 2ஐப் பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. தாராளமான அப்பாச்சி வாசலில் நிற்க, கண்டிப்பான எம்பிஎல் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது! 'துணை உரிமங்களுடன் (அதாவது ஜிபிஎல் போன்றவற்றுடன்) பொருந்தாது' என்ற அறிவிப்பு கோப்பில் இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

என் தேர்வு எம்ஐடி, அடுத்தது எம்பிஎல். அப்பாச்சி லைப்ரரிதான் வேண்டும், நம் நிரலோ '2 மட்டும்' என்றால், சரி, அதை வைத்துத் தனியாக ஓடும் ஒரு நிரலாக எழுதிப் பக்கத்தில் வையுங்கள். தனித்தனி நிரல்கள் ஒரே தொகுப்பில் இருப்பதை ஜிபிஎல் 2 தடுப்பதில்லை.