ஃபாரோ முகமும் பருத்தி விரிப்பும்: ஈரோட்டில் வாங்கிய ‘எகிப்து காட்டன்’ பெட்ஷீட்

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் ‘எகிப்து காட்டன்’ என்று சொல்லி விற்கப்படும் டபுள் பெட்ஷீட்டை 3,200 ரூபாய்க்கு வாங்கி, சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். துணியில் குறை சொல்ல அதிகம் இல்லை. துவைக்கத் துவைக்கச் சாயம் போகவில்லை, பிசிறு எழவில்லை, சித்திரை மாதப் புழுக்கத்திலும் உடலில் ஒட்டுவதில்லை. ஓரத் தையல் மட்டும் ஒரு மூலையில் விட்டுப்போயிற்று.

என்னை உறுத்துவது அதன் அட்டைப்பெட்டிதான். முகப்பில், ஃபாரோக்கள் எனப்பட்ட பண்டைய எகிப்து மன்னர்களில் ஒருவரான துட்டன்காமுனின் பொன் முகமூடியும், அதன் கீழே ‘ஃபாரோக்கள் உறங்கிய பருத்தி’ என்ற வாசகமும் இருக்கின்றன. கரையாக ஓடும் சித்திர எழுத்துகளை உற்றுப் பார்த்தால், அரசர் பெயரை எழுதுவதற்குரிய நீள்வட்டச் சட்டத்துக்குள் ஆந்தை உருவமே திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கிறது. ஆந்தை ‘ம்’ என்னும் ஒலிக்குரிய எழுத்து. அதை மட்டும் அடுக்கினால் எந்த மன்னரின் பெயரும் வராது.

வாசகமும் உண்மைக்குப் புறம்பானது. 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டறிந்த துட்டன்காமுனின் கல்லறையில் அம்மன்னர் அணிந்த உடைகளும் கையுறைகளும்கூடக் கிடைத்தன. அவை ஆளிச்செடியின் தண்டிலிருந்து எடுத்த நாரால் நெய்யப்பட்ட லினன் துணிகள். மம்மிகளைச் சுற்றியதும் லினன்தான். ஆளிச்செடியை அரிவாளால் அறுக்காமல் வேரோடு பிடுங்கி, நீரில் ஊறவைத்து, தட்டி நாரைப் பிரித்து நூற்று, உடல் தெரியும் அளவுக்கு மெல்லிய துணியைப் பண்டைய எகிப்தியர்கள் நெய்தார்கள். எகிப்தின் தெய்ர் எல்-மெதினாவில் சென்னெட்ஜெம் என்ற கைவினைஞரின் கல்லறைச் சுவரில், கணவனும் மனைவியும் ஆளி பிடுங்கும் ஓவியம் இன்றும் நிறம் மங்காமல் இருக்கிறது. பெட்டியில் படம் போட வேண்டுமென்றால், நெசவைப் போற்றும் நம் பகுதிக்கு அந்த ஓவியம் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்!

இன்று எகிப்துப் பருத்தி என்று புகழ்பெற்றிருப்பது தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, மிக நீண்ட இழையுடைய கோசிப்பியம் பார்படென்ஸ் என்ற இனம். எகிப்தை ஆண்ட முகமது அலியின் ஆட்சியில், 1820-ஐ ஒட்டி, ஜூமெல் என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் அது அங்கே வணிகப் பயிராயிற்று. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் அமெரிக்கப் பஞ்சு வரத்து தடைப்பட்டபோது அதன் சாகுபடி பெருகியது. துட்டன்காமுன் இறந்து மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பிறகு வந்த பயிர் இது. இதே இனத்தைச் சேர்ந்த சுவின் என்ற இரகம், சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு இரகங்களை இனக்கலப்பு செய்து உருவாக்கப்பட்டு, 1974-இல் நம் கோயம்புத்தூரிலிருந்துதான் வெளியிடப்பட்டது.

பஞ்சின் இரகத்தையும் நூலின் கவுண்ட்டையும் (நூலின் நுண்மையைக் காட்டும் எண்) கேட்டு விலை பேசுகிற ஊர்களில் விற்கும் இந்தப் பொருளின் உள்ளே உள்ள விவரப் பட்டியில் (லேபிளில்) ‘100% பருத்தி’ என்பதைத் தவிர வேறு விவரம் இல்லை. எந்த இரகம், எங்கே விளைந்தது, எங்கே நூற்றது என்று கடைக்காரரிடம் கேட்டேன். “எகிப்துன்னு போட்டாத்தானுங்க கேட்டு வாங்கறாங்க” என்றாரே தவிர, அவருக்கும் தெரியவில்லை.

துணியின் தரத்துக்காக வாங்குபவர்கள் ஏமாற மாட்டார்கள். ஆனால் எகிப்துப் பருத்திக்கென்றே கூடுதல் விலை கொடுப்பவர்கள், இரகத்தின் பெயரும் விளைந்த நாடும் பட்டியில் அச்சாகியிருந்தால் மட்டுமே பணத்தை எடுக்க வேண்டும். இந்தப் பெட்ஷீட்டில் அவை இரண்டும் இல்லை.