இரண்டு காரும் மழைநீரில் நின்றால்: ஒரே லாரியா, இரண்டு நடையா?

வட சென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் மழையில் வீட்டின் இரண்டு காரும் நின்றுவிட்டால் வரும் குழப்பம் இது. மேலே ஒன்றை ஏற்றி, பின்னால் ஒன்றைத் தூக்கி இழுக்கும் ரெக்கவரி லாரியா? ஒவ்வொன்றாக இரண்டு நடையா?

செலவு: ஒரே லாரியில் மிச்சம். இரண்டு நடையில் கூடும்.

சந்து: நீளம் கூடுவதால் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரே லாரி திணறும். தனி நடை எளிது.

பாதுகாப்பு: இதைத்தான் முதலில் பாருங்கள். பின்னால் போகும் காரின் இரண்டு சக்கரங்கள் தரையில் உருளும். முன்சக்கர இழுவை கார் (என்ஜின் முன்சக்கரங்களை மட்டும் சுழற்றுவது) என்றால் சரி, முன்பக்கத்தைத் தூக்கி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்தால் போதும். நான்கு சக்கர இழுவை வண்டியை அப்படி இழுத்தால் கியர் அமைப்பே பழுதாகலாம். அது மேலேதான் ஏற வேண்டும். அப்புறம், எண்ணூர் விரைவு சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகும்போது பின்கார் விளக்கு எரிய வேண்டும்.

ஒன்றாவது முன்சக்கர இழுவை, சாலையும் அகலம் என்றால் ஒரே லாரி. இரண்டும் நான்கு சக்கர இழுவை, அல்லது வீடு சந்துக்குள் என்றால் இரண்டு நடைதான்.