பெரம்பூர் சந்துக்கடையில் ஜெரி ராஃபர்ட்டியின் ‘சிட்டி டு சிட்டி’

ஸ்காட்லாந்துப் பாடகர் ஜெரி ராஃபர்ட்டியின் ‘சிட்டி டு சிட்டி’ எல்பியை, அதாவது இசைத்தட்டை, தேடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது ஒரே பாட்டு, ‘பேக்கர் ஸ்ட்ரீட்’. அதிலும் அந்தச் சாக்ஸபோன். அதற்கு மட்டும்தான் என்றால் கைப்பேசியிலேயே கேட்டுவிடலாம், பணத்தை மிச்சப்படுத்துங்கள். தட்டாக வாங்குவதென்றால் இரண்டாம் பக்கத்துக்காக வாங்குங்கள். கொடுத்த காசுக்குப் பெறுமானம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் கடையைச் சொல்லிவிடுகிறேன். பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலையிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில் இருக்கிறது. மிக்ஸியும் மின்விசிறியும் பழுதுபார்க்கும் கடை. இசைத்தட்டு விற்கிறார்கள் என்பதற்குப் பெயர்ப்பலகையில் ஓர் அடையாளமும் கிடையாது. மோட்டார் காயில் சுற்றும் மேசைக்குக் கீழே அட்டைப்பெட்டிகளைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது விட்டுச்சென்ற தட்டுகள் என்கிறார் கடைக்காரர். நம்பலாம். பாதிப் பெட்டி ஜிம் ரீவ்ஸ், மீதி கிளிஃப் ரிச்சர்ட், இருவரும் பழைய ஆங்கிலப் பாடகர்கள். அவற்றுக்கு நடுவே இது செருகியிருந்தது.

1,200 ரூபாய் கேட்டார். “சார், இது இங்கிலாந்திலே போட்ட தட்டு” என்றார். டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டி, “கீறலும் அங்கேயே போட்டதா தம்பி?” என்றேன். சிரித்துவிட்டார். 950-க்கு முடிந்தது.

ராஃபர்ட்டி 1947-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் பிறந்தவர். நம் புடவை பார்டரில் வரும் மாங்காய் வேலைப்பாட்டைச் சால்வைகளில் நெய்து பேர்வாங்கிய ஊர் அது, பிறகு நூல் ஆலைகளால் வாழ்ந்த ஊர். பி அண்ட் சி துணி மில்லின் சங்குக்கு எழுந்து பழகிய பெரம்பூர்க்காரர்களுக்கு அந்த ஊரை விளக்கத் தேவையில்லை. ராஃபர்ட்டியின் அப்பா அயர்லாந்துக்காரர், குடிப்பவர், மகனுக்குப் பதினாறு வயதாகும்போது இறந்துபோனார். அம்மாவிடம் கேட்டு வளர்ந்த ஐரிஷ், ஸ்காட்டிஷ் நாட்டுப்பாடல்கள்தான் பையனுக்கு முதல் பாடம். அந்த நாட்டுப்பாடல் வாடை கடைசிவரை அவர் குரலை விட்டுப் போகவில்லை. கத்த வேண்டிய இடத்திலும் கத்த மாட்டார்.

பின்னாளில் பெரிய நகைச்சுவைக் கலைஞராகிவிட்ட பில்லி கானலியுடன் சேர்ந்து கொஞ்ச காலம் பாடினார். பிறகு ஜோ ஈகனுடன் ‘ஸ்டீலர்ஸ் வீல்’ குழு. 1973-இல் அவர்களுடைய ‘ஸ்டக் இன் த மிடில் வித் யூ’ அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. அதற்கு மேல் குழு ஓடவில்லை. 1975-இல் உடைந்தது. பழைய ஒப்பந்தங்களின் வழக்கு முடிச்சில் மாட்டிக்கொண்டு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அவரால் புதிய தட்டு எதுவும் வெளியிட முடியவில்லை. வழக்கறிஞர்களைப் பார்க்க ரயிலேறி லண்டன் போவார், பேக்கர் ஸ்ட்ரீட் பக்கத்தில் நண்பர் வீட்டில் தங்குவார், மறுபடி ரயிலேறி ஊர் திரும்புவார். இந்தத் தட்டின் பாட்டுகள் பல இந்த அலைச்சலில் பிறந்தவை. நான் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் ரயில்பெட்டிகளுக்கு அடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். தலைப்புப் பாட்டில் தாளம் ஓடுகிற விதத்தைக் கேட்டால், இந்த மனிதர் வண்டியில் தூங்காமல் சக்கரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போயிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

1978-இல் தட்டு வெளிவந்தது. ‘பேக்கர் ஸ்ட்ரீட்’ பிரிட்டனில் மூன்றாம் இடம், அமெரிக்காவில் இரண்டாம் இடம். ரஃபேல் ரேவன்ஸ்கிராஃப்ட் ஊதிய சாக்ஸபோனைக் குறைசொல்ல யாராலும் முடியாது. ஆனால் அந்தச் சத்தத்தில், ஊரைவிட்டு வந்து குடியிலும் கனவிலும் நாளைக் கடத்துகிறவனின் கதையாக இருக்கிற பாட்டு காதில் விழாமலே போய்விடுகிறது. ஆல்பம் அமெரிக்காவில் ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ திரைப்படப் பாட்டுத் தட்டையே இறக்கிவிட்டு முதலிடத்துக்குப் போனது. அங்கே சுற்றுப்பயணம் வரச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டார். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இரண்டாம் பக்கம் ‘மேட்டீஸ் ராக்’ பாட்டுடன் தொடங்குகிறது. மகள் மார்த்தாவைப் பார்க்க வீடு திரும்பும் அப்பாவின் துள்ளல். வழக்கு, ஒப்பந்தம், லண்டன் எல்லாம் பின்னால் போய்விட்டன. அடுத்தது ‘வாட்டெவர்ஸ் ரிட்டன் இன் யுவர் ஹார்ட்’. டிரம்ஸ் கிடையாது, பெரும்பாலும் பியானோவும் குரல்களும்தான். தன் குரலுக்கு மேலேயே குரலை அடுக்குகிறார், ஆனாலும் கூட்டமாகத் தோன்றவில்லை. என் வீட்டம்மாவுக்கு ஆங்கிலப் பாட்டு ஆகாது. இதற்கு மட்டும் சமையலறையிலிருந்து “நிறுத்துங்கள்” என்று குரல் வரவில்லை. ‘ஹோம் அண்ட் டிரை’யும் வீடு திரும்பும் பாட்டுதான். ‘ஐலண்ட்’ கொஞ்சம் இழுவை, எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொள்ளலாம்.

புகழுக்குப் பிறகான கதை சுருக்கம்: தட்டுகள் குறைந்தன, குடி கூடியது, 2011 ஜனவரியில் 63 வயதில் கல்லீரல் செயலிழந்து இறந்தார்.

இனி தட்டின் நிலை. முதல் பக்கத்தில் ‘ரைட் டவுன் த லைன்’ பாட்டின் குறுக்கே ஒரு கீறல். ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது 1.8 வினாடிக்கு ஒருமுறை, ‘டக்’ என்கிறது. பிரேக் பிடித்துத் தேய்ந்த சக்கரம் தண்டவாளத்தில் போடுமே, அதே சத்தம். பாட்டின் தாளத்தோடு சேராமல் தொல்லை கொடுக்கிறது. ஊசி தாண்டவில்லை என்பது வரை நல்லது. இரண்டாம் பக்கம் சுத்தம், முந்தைய சொந்தக்காரர் அதைத் திருப்பியே போட்டிருக்க மாட்டார் போலிருக்கிறது. உறை ஓவியம் ஜான் பைர்ன் வரைந்தது, அவரும் பெய்ஸ்லிக்காரர்தான். வண்ணம் வெளுக்கவில்லை. உள்ளுறை இல்லை, பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

கடையில் போட்டுக் காட்டச் சொல்லாதீர்கள். அங்கே இருக்கிற பெட்டி பிளேயரின் ஊசி கனம், தட்டைச் சுரண்டிவிடும். கண்ணால் பார்த்தே வாங்குங்கள். நெளிவு இருக்கிறதா என்று தட்டைக் கண் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் போனால்தான் பெட்டியை வெளியே இழுக்கிறார்கள். 1979-இல் வந்த ‘நைட் அவுல்’ ஒன்றும் அதே பெட்டியில் கிடக்கிறது. உறையின் மூலையைக் கறையான் தின்றிருக்கிறது. 500 ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள்.