வகுப்பறை ஸ்லைமுக்கு எதை வாங்குவது: பெட்டியா, பசையும் வெண்காரமுமா?

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் விளையாட்டுச் சாமான் கடைகளில் தொங்கும் ஸ்லைம் (இழுபடும் கூழ்) பெட்டி வீட்டுப் பிள்ளைக்குப் போதும். ஆய்வுகூடத்துக்கு அதை வாங்க வேண்டாம். சின்னப் போத்தலில் இருக்கும், பசையைக் கூழாக்கும் ‘அக்டிவேட்டர்’ என்ன, அதன் செறிவு எவ்வளவு என்று பெரும்பாலும் பெட்டியில் இருக்காது. செறிவு தெரியாமல் அதை மாற்றிப் பார்க்க முடியாது. மாற்றிப் பார்ப்பதற்குத்தானே பல்பகுதியப் (பொலிமர்) பாடத்தில் இந்தச் செய்முறை.

புத்தகக் கடையில் நிறமற்ற பசை வாங்குங்கள். லேபிளில் பிவிஏ (PVA, பொலிவைனைல் வகைப் பசை) என்று இருக்க வேண்டும். மாப்பசையோ பிசின் கம்மோ சரிவராது. வெள்ளைப் பசையிலும் செய்யலாம், ஆனால் மாற்றங்கள் அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

வெண்காரம் (போராக்ஸ்) நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். இங்கேதான் அதிகம் பிழைக்கிறது. முதலாவது, படிகாரமும் பார்வைக்கு இதே மாதிரிதான். கரைசலில் சிவப்புப் பாசிச்சாயத்தாள் நீலமானால் வெண்காரம். நீலத்தாள் சிவந்தால் படிகாரம், எவ்வளவு விட்டாலும் ஸ்லைம் வராது. இரண்டாவது, பொரித்த வெண்காரம். பச்சை வெண்காரத்தின் நிறையில் 47 சதவீதம் பளிங்கு நீர்; பொரித்தால் அது போய்விடும். பொரித்ததை அதே நிறைக்கு எடுத்தால் கரைசல் ஏறத்தாழ இரு மடங்கு செறிவாகி, ஸ்லைம் றப்பராகிவிடும். பொரிக்காததைக் கேட்டு வாங்குங்கள்.

நாற்பது பிள்ளைகள், பத்துக் குழு என்றால் 250 மில்லிலீற்றர் பசையும் 6 கிராம் வெண்காரமும் போதும். வெண்காரத்தை 150 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீரில் கரைத்தால் 4 சதவீதக் கரைசல். ஒரு குழுவுக்குப் பசை 25, நீர் 25 மில்லிலீற்றர். நன்றாகக் கலக்கிய பின் ஊசி இல்லாத சிரிஞ்சால் இரண்டிரண்டு மில்லிலீற்றராக வெண்காரக் கரைசலை விட்டுக் கிளற வேண்டும். 10 மில்லிலீற்றர் அளவில் கோப்பைச் சுவரை விட்டு வரும். அப்போது ஈரமாக, நூல் நூலாக இருக்கும். இன்னும் விடத் தோன்றும். விடக்கூடாது, இரண்டு நிமிடம் பிசையுங்கள். 15-ஐத் தாண்டினால் இறுகும், நீர் கசியும், இழுத்தால் துண்டாகும்.

வெண்காரத்திலிருந்து வரும் போரேற்று அயன்கள் பசைச் சங்கிலிகளின் ஐதரொட்சில் கூட்டங்களை இணைக்கின்றன. அந்த இணைப்புகள் அறுந்து மறுபடி சேர்வதால்தான் மெதுவாக இழுத்தால் நீள்கிறது, வெடுக்கென்று இழுத்தால் அறுகிறது. தேசிக்காய்ச் சாறு சில துளி விட்டால் இளகி ஓடும். ஐதான சோடியமைதரொட்சைட்டு துளித்துளியாகச் சேர்க்கத் திரும்பவும் கூழாகும். இந்தப் பகுதியைத் தவற விடாதீர்கள். சோடியமைதரொட்சைட்டை மட்டும் ஆசிரியரே விடட்டும், பிறகு அந்தக் கூழைப் பிள்ளைகள் கையால் பிசைய வேண்டாம்.

வெண்காரத்தை நிறுக்கும்போது கையுறை தேவை. வாயில் படக்கூடாது, கையில் காயமுள்ள பிள்ளை பிசைய வேண்டாம், முடிந்ததும் எல்லோரும் கை கழுவ வேண்டும். சட்டையில் ஒட்டினால் வினாகிரி விட்டுக் கழுவலாம். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும், குப்பையில் போடுங்கள். சிப் வைத்த பிளாஸ்டிக் பையில் வைத்தால் சில நாள் காயாமல் இருக்கும்; பூஞ்சணம் கண்டதும் எறிந்துவிடுங்கள்.