விளிம்பைப் பார்க்காமல் ஏலம் கேட்காதீர்கள்: 1913 ரூபிளில் நான் ஏமாந்த கதை

மாஸ்கோவுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நாணயம் சேர்க்கிற பழக்கம் உண்டு, பெரிய ஆளெல்லாம் இல்லை. சம்பளத்தில் மிஞ்சுவதை வைத்து எப்போதாவது ஒன்று வாங்குவதோடு சரி. போன மாதம் ஓர் இணைய ஏலத்தில் பழைய வெள்ளி ரூபிள் ஒன்றை எடுத்து வசமாக மாட்டிக்கொண்டேன். இங்கே படிக்க வந்திருக்கும் நம் பிள்ளைகள் சிலரும் ஞாபகத்துக்கு ஒரு ஜார் காலத்துக் காசு என்று தேடுகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நான் எடுத்தது 1913ஆம் வருஷத்து ரூபிள். ரொமானோவ் வம்சம் பட்டத்துக்கு வந்து முந்நூறு வருஷம் நிறைந்ததற்காக அடித்த காசு. முன்னால் கடைசி ஜார் இரண்டாம் நிக்கலாய், அவர் தோளுக்குப் பின்னால் பழைய மகுடத்தோடு வம்சத்தின் முதல் ஜார் மிகாயில். பத்து லட்சத்துக்கு மேல் அச்சடித்த நாணயம். அரியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சறுக்கியதே அங்கேதான். இவ்வளவு கிடைக்கிற காசுக்கு எவன் போலி செய்யப்போகிறான் என்று நினைத்தேன். அரிய காசு என்றால் வாங்குகிறவன் பத்துப் பேரிடம் காட்டுவான். சாதாரணக் காசு என்றால் யோசிக்காமல் பணத்தைக் கட்டிவிட்டுப் போவான். போலி செய்கிறவனுக்கு இது நன்றாகவே தெரியும்.

விற்றவர் போட்டிருந்த விவரத்தில் மூன்றே வரி: "தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது. எனக்கு நாணயம் பற்றி ஒன்றும் தெரியாது. படத்தில் உள்ளதே பொருள்." மூன்றும் வக்கீல் எழுதிக் கொடுத்ததைப் போன்ற வரிகள் என்று இப்போது புரிகிறது. ஒன்றும் தெரியாத அந்த மனிதரின் கணக்கில் அன்றைக்கு முப்பது சொச்சம் நாணயங்கள் விற்பனைக்கு இருந்தன. அதையும் பார்த்தேன், பார்த்துவிட்டும் கேட்டேன். 6,400 ரூபிளுக்கு எனக்கு விழுந்தது. கடை விலையில் பாதிகூட இல்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

படங்கள் இரண்டுதான், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. முகங்கள் கொஞ்சம் மழுங்கலாகத் தெரிந்ததால் கேட்டேன். "ப்ளோஸ்கி செக்கான்" என்று பதில் வந்தது. தட்டையான அச்சு என்று அர்த்தம். இது முழுப்பொய்யும் இல்லை. இந்த ரூபிளில் உருவம் தட்டையாக விழுந்த வகை ஒன்று, நன்றாகப் புடைத்து நிற்கிற வகை ஒன்று என்று உண்மையிலேயே இரண்டு உண்டு. அதனால்தான் நானும் தலையாட்டினேன். அரைகுறை அறிவு உள்ளவனை ஏமாற்ற அரைகுறை உண்மை போதும்.

தபாலில் வந்த அன்று ராத்திரி சமையலறைத் தராசில் வைத்தேன். 17.4 கிராம். 1886க்குப் பிறகு அடித்த வெள்ளி ரூபிள் 20 கிராம் இருக்க வேண்டும். தேய்மானத்தில் சில புள்ளி குறையலாம், இரண்டரை கிராம் எங்கே போகும்? விட்டம் மட்டும் 33.6 மில்லிமீட்டர், அச்சு அசலாகச் சரி. காந்தம் ஒட்டவில்லை என்று ஒரு நிமிஷம் மனதைத் தேற்றிக்கொண்டேன். பித்தளையிலும் காந்தம் ஒட்டாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அடுத்து தண்ணீர்ச் சோதனை. ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு கிராமில் காட்டுகிற எண்தான் கன சென்டிமீட்டரில் காசின் கன அளவு. எனக்கு 2.0 காட்டியது. 17.4ஐ 2ஆல் வகுத்தால் 8.7, அதுதான் அடர்த்தி. இந்த ரூபிளில் இருக்க வேண்டிய தொள்ளாயிரம் தர வெள்ளிக்கு, அதாவது ஆயிரத்தில் தொள்ளாயிரம் பங்கு வெள்ளி உள்ள கலவைக்கு, 10.3 பக்கம் வர வேண்டும். ஏதோ ஒரு செம்புக் கலவைக்கு வெள்ளி முலாம் பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மனசு கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை இஸ்மாய்லோவோ சந்தைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே பழைய காசு விற்கும் பெரியவர் ஒருவரைத் தெரியும். அவர் முகங்களைப் பார்க்கவே இல்லை. காசை வாங்கிய கையோடு குறுக்காகத் திருப்பி, விளிம்பை லென்ஸுக்கு அடியில் ஒரு சுற்று உருட்டினார். சிரித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

1886க்குப் பிறகு அடித்த வெள்ளி ரூபிளின் விளிம்பில் எழுத்து உள்வாங்கி வெட்டியிருக்கும்: சுத்த வெள்ளி 4 ஸொலோத்னிக் 21 தோல்யா. ஒரு ஸொலோத்னிக் நான்கேகால் கிராமுக்குக் கொஞ்சம் மேல், அதில் 96 தோல்யா. கணக்குப் போட்டால் 18 கிராம் வெள்ளி வரும். அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எழுத்து, அது நாணயச்சாலை அதிகாரியின் பெயர்ச்சுருக்கம். 1913 நினைவு ரூபிளில் விக்டர் ஸ்மிர்னோவ் என்பவரின் வி.எஸ். இருக்க வேண்டும். என்னுடையதில் ஏ.ஜி. இருந்தது. அது அப்போலோன் கிராஸ்கோஃப் என்பவருடையது. அவர் எழுத்து 1899க்குப் பிறகு எந்த ரூபிளிலும் வராது. வேறு ஏதோ ரூபிளுக்குச் செய்த விளிம்பு அச்சையே இதற்கும் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். அந்த எழுத்துகளும் ஆழமில்லாமல், சோப்பில் நகத்தால் கீறியதைப் போல இருந்தன.

அடித்த ஊர்கூட விளிம்பில்தான் தெரியும். 1890களின் பின்பகுதியில் இந்த ரூபிள்களில் ஒரு பங்கு வெளிநாட்டில் அடிக்கப்பட்டது. விளிம்பில் ஒரு நட்சத்திரம் என்றால் பாரிஸ், இரண்டு என்றால் பிரஸ்ஸெல்ஸ். ஆக, விளிம்பைப் படம் எடுத்துப் போடாத விற்பனையாளரிடம் விளிம்புப் படம் கேளுங்கள், முழுச் சுற்றும் தெரிகிற மாதிரி மூன்று நான்கு. "கேமரா சரியில்லை" என்றால் நகர்ந்துவிடுங்கள்.

பெரியவர் இன்னொன்றும் காட்டினார். மிகாயிலின் மகுடத்துக்கு மேலே வெற்றிடத்தில் கொக்கி போல ஒரு சின்னக் கீறல். பழைய காசுக்கு அழகு என்று நான் ரசித்த அதே கீறல். உண்மையான ஒரு காசிலிருந்து அச்சு எடுக்கும்போது அதன் காயங்களும் சேர்ந்தே பதியும். அப்புறம் பிறக்கிற எல்லாப் பிள்ளைக்கும் அதே மச்சம். இரண்டு வெவ்வேறு விற்பனையில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் வேறு சோதனையே வேண்டாம்.

விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "அசல் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறேனா?" என்று கேட்டார். எழுதவில்லைதான். பிறகு "இது நோவோதெல்" என்று ஆரம்பித்தார். இதையும் தெரிந்துகொள்ளுங்கள். நோவோதெல் என்பது, பழைய காசுகளை சேகரிப்பாளர்களுக்காக ரஷ்ய நாணயச்சாலையே பிற்காலத்தில் புது அச்சில் அடித்துக் கொடுத்தது. 1890இல் அதை நிறுத்திவிட்டார்கள். அதற்கே தனி மதிப்பு உண்டு. 1913இல் வந்த காசுக்கு அந்தப் பெயரே பொருந்தாது. ஏல நிறுவனமோ புகார் செய்யும் கெடு முடிந்துவிட்டது என்று கைவிரித்துவிட்டது. பெட்டியைப் பிரித்த அன்றே எடை போட்டவன், அடுத்த நாளே புகார் எழுதாமல் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். அது என் தப்பு.

1825 தேதியிட்ட கான்ஸ்டன்டைன் ரூபிளை யாராவது ஏலத்தில் போட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். உலகத்தில் இருப்பதே விரல்விட்டு எண்ணக்கூடியவை. பேரரசி கேத்தரீன் காலத்து ஐந்து கோபெக் செம்புக் காசில் எடை உதவாது. கணக்குக்கு 51 கிராம் என்றாலும் அசலே முன்னே பின்னே இருக்கும். அதில் குண்டூசி முனை அளவுக்குக் குழிகளும், விளிம்பைச் சுற்றி ஒட்டுத் தையல் போன்ற கோடும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது அடித்த காசு இல்லை, உருக்கி ஊற்றிய வார்ப்பு, போலி.

நேற்று ராத்திரி அதே ஆள் இன்னொரு 1913 ரூபிளைப் போட்டிருக்கிறார். இந்த முறை பாட்டியின் பெட்டியாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மகுடத்துக்கு மேலே அதே கொக்கி. விளிம்புப் படம் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை, அதற்குள் ஏழு பேர் ஏலம் கேட்டுவிட்டார்கள்.